திண்டுக்கல்லில் ஒரு குறும்பகல்

வருடத்திலேயே மிகக் குறுகிய பகலுக்கு நம்மூரில் விழா கிடையாது. டிசம்பர் 21 அல்லது 22-இல் சூரியன் தென்கோடியைத் தொட்டுத் திரும்புகிறது. நாமோ அந்தத் திருப்பத்தைத் தை முதல் நாளில் கொண்டாடுகிறோம். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஏறத்தாழ ஒரே நாளில் வந்தன. பூமியின் அச்சு மெல்லத் தள்ளாடுவதால் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகி விலகி, இன்று மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டது. உண்மையான திருப்பம் கல்யாணமோ கிரகப்பிரவேசமோ இல்லாத மார்கழியின் முதல் வாரத்தில் யாரும் கவனிக்காமல் நடந்து முடிகிறது. அந்த ஒரு நாளாவது எந்த வேலையும் வைத்துக்கொள்ளாமல் வெயிலைப் பார்த்தபடி இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. திண்டுக்கல்லுக்குப் போனது அதற்குத்தான்.

அங்கே அன்று சூரியன் உதிக்க ஆறரை மணி ஆகிறது, மறைய ஆறு. பகல் பதினொன்றரை மணி நேரம். ஆனி மாதப் பகலைவிட ஒன்றேகால் மணி நேரம்தான் குறைவு. ஐரோப்பாவின் வடக்கே இந்த நாளில் பிற்பகல் மூன்றரைக்கே இருட்டிவிடும் ஊர்கள் உண்டு. அவர்களுக்கு இது இருட்டைக் கடக்கும் நாள். நமக்கு இருட்டே பிரச்சினை இல்லை. அப்படியானால் எதிலிருந்து ஓய்வு?

கோட்டைப் பாறையில் ஏறினேன். 1605-இல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கி, பின்னால் ஹைதர் அலி வலுப்படுத்திய கோட்டை. 1790-இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. சண்டைக்காகக் கட்டிய இடத்தில் இப்போது காற்றுதான் நிறைய. மேற்கே கொடைக்கானல் மலை நீலமாகத் தெரிந்தது. அங்குள்ள ஆய்வகம் 1901 முதல் சூரியனைக் கவனித்து வருகிறது. சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை வானியலாளர் எவர்ஷெட் 1909-இல் கண்டது அங்கேதான். என்னிடம் இருந்தது ஒரு குடை மட்டும். அதைப் பாறையில் செங்குத்தாக நிறுத்திப் பிடித்துக்கொண்டேன். 12.16-க்கு நிழல் நேர் வடக்கே விழுந்தது, குடையின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. சித்திரை தொடங்கும்போது இதே பாறையில் இதே வேளையில் நிழலே காலடியில் ஒளிந்துகொள்ளும். இன்று உச்சிவெயில்கூடச் சாய்ந்துதான் வந்தது. பாறை சுடவில்லை, வெறும் கல்லில் மல்லாந்து படுக்க முடிந்தது. வெகுநேரம் படுத்துக் கிடந்தேன். கைப்பேசியை அணைத்து வைத்திருந்தேன். முதலில் வந்தவை பாக்கி வேலைகள். அவை தீர்ந்த பிறகு, இந்த வருடம் பேசாமல் விட்ட இரண்டு மூன்று பேரின் முகங்கள் வந்தன. அவர்களுக்கு என்ன சொல்வது என்று யோசிக்க அவகாசம் கிடைத்ததே போதும் என்றிருந்தது.

பிற்பகலில் பஸ் பிடித்து நிலக்கோட்டைப் பக்கம் போனேன். மல்லிகைக்குப் பேர்போன பூமி. ஆனால் மார்கழிப் பனியில் மல்லிகை அரும்பு வைப்பது சுருங்கிவிடும். சந்தையில் விலை எகிறுவது அதனால்தான். நான் நின்ற தோட்டத்தில் ஒரு பூ இல்லை. கார்த்திகையில் தண்ணீரை நிறுத்தி, செடிகளை முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்திருந்தார்கள். வெட்டுவாய்கள் காய்ந்து வெளுத்திருந்தன. அவற்றுக்குக் கீழே கணுக்களில் அரிசி முனை அளவுக்குச் சிவந்த துளிர். தூரில் தொழு உரம் கிடந்தது. களைக்கொத்தோடு வரப்பில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம், இவ்வளவு மொட்டையாக வெட்டினால் செடி தாங்குமா என்று கேட்டேன்.

"வெட்டலைன்னாத்தான் தம்பி தாங்காது. பழைய வாதுல பூ எடுக்காது. இப்பச் சும்மா கெடந்தாத்தான் பங்குனியில அள்ளிக் குடுக்கும்."

வருமானம் குறையுமே என்றேன். குறையத்தான் செய்யும் என்று ஒத்துக்கொண்டார். அதற்காக வருடம் முழுக்கப் பறித்துக்கொண்டே இருக்க முடியுமா என்று திருப்பிக் கேட்டார். விடியற்காலை மூன்று மணிக்கு டார்ச் கட்டிக்கொண்டு பறிக்கப் போகிறவர் அவர். இந்த வாரங்களில்தான் வெளிச்சம் வரும்வரை தூங்குகிறாராம். செடியோடு சேர்ந்து ஆளும் ஓய்வெடுக்கும் ஏற்பாடு அது. பஞ்சாங்கத்தில் கிடையாது, தோட்டத்தில் இருக்கிறது.

துளிர் நீளும்வரை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடந்து போகப் போவதாகச் சொன்னார். போன வருடம் பறிப்பு இருந்ததால் போக முடியவில்லையாம்.