கரையில் எல்லா விசிறியும் நல்ல விசிறி

புதுச்சேரிப் பக்கத்துப் பாகூர் என்றதும் ஏரியும் நெல்வயலும்தான் நினைவுக்கு வரும். அதே கொம்யூனின் கிழக்கு ஓரம் கடல்: நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம் என்று மீனவ ஊர்கள். மணலில் ஃபைபர் படகுகள் வரிசையாக நிற்கின்றன. டீசல் எஞ்சினிலிருந்து ஒரு நீளத் தண்டு பின்னால் போகிறது. அதன் நுனியில் விசிறி. அலையடிக்கும் இடத்தில் தரை தட்டாமலிருக்க, தண்டோடு சேர்த்து அதைத் தூக்கிக்கொள்ளலாம். ஒரு படகுக்குப் புது விசிறி மாட்டுவதைப் பார்க்கப் போயிருந்தேன்.

மெக்கானிக் கையில் மூன்று இலைப் பித்தளை விசிறி. நடுத்துளையில் ஒரு கம்பியைச் செருகி, மட்டம் பார்த்து வைத்த இரண்டு இரும்புப் பட்டைகள்மேல் கிடத்தினார். ஓர் இலை மெல்லச் சுற்றிக் கீழே வந்து நின்றது. அதன் முதுகை அரத்தால் நாலு இழுப்பு ராவினார். மறுபடி வைத்தார். எப்படி விட்டாலும் அப்படியே நிற்கும்வரை இதே வேலை. "கனம் ஒரு பக்கம் இருந்தா தண்டு உதறும். தண்டு உதறுனா புஷ் போயிடும்" என்றார். தண்டைத் தாங்கும் உறைதான் புஷ்.

அடுத்தது பிட்ச். மரத்தில் திருகாணி இறங்குவதுபோல விசிறி ஒரு சுற்றில் எவ்வளவு முன்னேற வேண்டுமோ, அந்த அளவு. 10 அங்குலப் பிட்ச், நிமிடத்துக்கு 1,500 சுற்று என்றால் கணக்குப்படி மணிக்குச் சுமார் 23 கிலோமீட்டர். தண்ணீர் மரமல்ல, நழுவும். மூன்றில் ஒரு பங்கு நழுவினால் 15தான் மிஞ்சும்.

விமான விசிறிக்கும் இதே தலைவலி உண்டு. 1903 டிசம்பரில் பறப்பதற்கு முன் ரைட் சகோதரர்கள் கப்பல் விசிறிக் கணக்கைத்தான் நூல்களில் தேடினார்கள். கப்பல்காரர்களே மாட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள் என்று தெரிந்தது. பிறகு, விசிறி என்பது சுழலும் இறக்கை என்று வைத்துத் தாங்களே கணக்குப் போட்டு, எட்டரை அடி விசிறியை மரத்தில் செதுக்கினார்கள். இன்று சொந்தமாக விமானம் கட்டுபவரும் விசிறியை மாட்டிப் பார்க்கும் சோதனையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். பிட்ச் குறைந்தால் சீக்கிரம் மேலெழும்பும். கூடினால் மேலே போனபின் வேகமாகப் போகும். எஞ்சினுக்கு மீறிக் கூட்டினால் அது திணறும்.

படகுக்காரருக்கு வேகம் வேண்டும். ஏலத்துக்கு முந்தி வந்தால்தான் மீனுக்கு விலை. வெறும் படகில் புது விசிறி பறந்தது. அவர் முகமெல்லாம் சிரிப்பு. மெக்கானிக் அசையவில்லை. "கரையில எல்லா விசிறியும் நல்ல விசிறிதான். வலையும் ஐஸும் ஏத்துங்க."

சுமையோடு நாலு பேர் ஏறினார்கள். முதல் அலையிலேயே எஞ்சின் சத்தம் கம்மியது, கரும்புகை கக்கியது. எரியும் டீசலுக்கு ஏற்ற சுற்று கிடைக்கவில்லை. அலை நடுவே எஞ்சின் நின்றுபோனால் படகு பக்கவாட்டில் திரும்பிக் கவிழும். வேகமெல்லாம் அதற்கப்புறம்தான்.

ஓர் அங்குலம் பிட்ச் குறைந்த இன்னொன்றை மாட்டி அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் மெக்கானிக் கேட்டது ஒன்றுதான்: "எந்த அலையில புகை நின்னுச்சு?"

"ரெண்டாவதுலயே நின்னுடுச்சுண்ணே."

அதற்குப் பிறகுதான் விலை பேச உட்கார்ந்தார்கள்.