அண்ணன் வீணை

சிங்கப்பூரில் காரைக்குடி என்றால் கோழிதான். சிராங்கூன் ரோட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் செட்டிநாடு என்று ஒரு பலகை தொங்குகிறது. உள்ளே போனால் மிளகும் சோம்பும் தூக்கலாக ஒரு குழம்பு. குறையாகச் சொல்லவில்லை, பசித்தால் நானும் அங்கே போய் உட்காருகிறவன்தான். ஆனால் எங்கள் வீட்டில் அந்த ஊர்ப் பெயர் ஒரு மனிதருக்கு முன்னால்தான் வரும். காரைக்குடி சாம்பசிவ ஐயர். ஐயா அப்படித்தான் சொல்வார், ஒருநாளும் ஊரை விட்டுவிட்டுச் சொன்னதில்லை. (எங்கள் பக்கம் அப்பாவின் அப்பாவை ஐயா என்போம்.) சொல்லிவிட்டுச் சற்று நிறுத்துவார். பிறகு, "அண்ணன் இருந்தவரைக்கும் அது வேற" என்பார்.

அந்த 'வேற' என்ன என்று கேட்டுக் கேட்டே என் பிள்ளைப்பருவம் போயிற்று.

அவர்கள் இருவர். மூத்தவர் சுப்பராம ஐயர், இளையவர் சாம்பசிவ ஐயர். தலைமுறை தலைமுறையாக வீணையையே தொழிலாகக் கொண்ட குடும்பம், புதுக்கோட்டைச் சீமையிலிருந்து வந்து காரைக்குடியில் குடியேறியது. பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிற்ற பணம் தேக்குத் தூண்களாகவும் கல்யாணக் கச்சேரிகளாகவும் எங்கள் ஊரில் வந்து இறங்கிய காலம் அது. காரைக்குடி சகோதரர்கள் என்ற பெயர் தெற்கெங்கும் பரவியது. பக்கத்தில் பெரும்பாலும் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை இருப்பார், மிருதங்கமோ கஞ்சிராவோ எடுத்துக்கொண்டு.

ஐயா அவர்களைக் கேட்டது சிறுவயதில், ஒரு கல்யாணக் கொட்டகையில், கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றபடி. ஒலிபெருக்கி கிடையாது. வீணைக்கோ சன்னமான குரல். அத்தனை பேர் கூடிய கல்யாணப் பந்தல் அதற்காக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது என்பதைத்தான் ஐயா முதலில் சொல்வார். ராகமெல்லாம் அப்புறம்தான்.

அண்ணன் வீணையை மடியில் கிடத்த மாட்டார். தம்புராவைப் பிடிப்பதுபோலத் தோளோரமாக நிமிர்த்தி வைத்து வாசிப்பார். தம்பி வழக்கப்படி படுக்கையாக வைத்துக்கொள்வார். ஒரே மேடையில் ஒரு வீணை நின்றுகொண்டும் ஒரு வீணை படுத்துக்கொண்டும். இதை எனக்குக் காட்டுவதற்காக ஐயா முகப்பில் சாத்தியிருக்கும் தம் குடையை எடுத்துத் தோளில் நிறுத்தி, இடது கையை மேலும் கீழுமாக ஓட்டுவார். வாயால் தானம் வாசிப்பார். அந்த வீட்டில் வீணை என்று ஒன்று இருந்ததே இல்லை. எங்களுக்கு அந்தக் குடைதான் வீணை. அப்பத்தா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "மழையே இல்ல, குடையப் போட்டு என்ன பண்ணுறாக" என்பாள்.

1930களில் அண்ணன் காலமாகிவிட்டார். அதன்பின் தம்பி இருபதாண்டுகளுக்கு மேல் வாசித்தார். 1952இல் சங்கீத நாடக அகாதெமி முதன்முதலாக விருது கொடுத்தபோது பெற்றவர்கள் நால்வர். வடக்கே அலாவுதீன் கான், முஷ்டாக் உசேன் கான். தெற்கே அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், காரைக்குடி சாம்பசிவ ஐயர். அரியக்குடி எங்களுக்குப் பக்கத்து ஊர். நாடு முழுவதற்குமான நாலில் இரண்டு எங்கள் பக்கத்துக்கு வந்தது. இதை இங்கே யாரிடம் சொன்னாலும், "அப்படியா" என்றுவிட்டு ஆட்டுக்கால் சூப்பைப் பற்றிக் கேட்கிறார்கள்.

என் மகன் கிதார் வாசிக்கிறான். அவனுக்குப் பிடித்ததெல்லாம் ராக் குழுக்கள், அதிலும் சினிமாவுக்கு வெளியே தனியாகப் பாட்டுப் போடுகிறவர்கள். கேரளத்தின் 'அவியல்' குழு 2008இல் வெளியிட்ட தொகுப்பை அவன் வெகுநாள் கேட்டுக்கொண்டிருந்தான். குழுவில் ஒருவர் விலகினால் அவனுக்குத் துக்கம் விசாரிக்க வேண்டியிருக்கும். பிறகு இன்னொருவர் வருவார், பெயர் அப்படியே ஓடும், அவனும் தேறிவிடுவான். அண்ணன் இடத்துக்கு யாரை அழைத்து வருவது? இதை அவனிடம் கேட்கவில்லை. அவன் வயதில் எனக்கும் விளங்கியிருக்காது.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாசித்ததை நான் கேட்டதில்லை. இசைத்தட்டுக் காலத்தையும் நொந்துகொள்ள முடியாது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், மிஞ்சினால் இன்னும் அரை நிமிடம். தானத்தை விஸ்தாரமாக வாசிக்கிறவர்களை அதில் எப்படி அடைப்பது? 1920களின் நடுப்பகுதியில் மைக் வரும்வரை தகரக் கொம்புக்குள்தான் வாசித்தாக வேண்டும். நாகஸ்வரத்துக்கு அது சரி, வீணைக்குக் கொடுமை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தத் தொழிலில் கொடிகட்டிய ஒருவர் எங்கள் ஊர்க்காரர்தான். ஏவி. மெய்யப்பன் கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கியது 1932இல். பிற்பாடு அவர் காரைக்குடியிலேயே கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தினார், 1947இல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்ததுதான். எங்கள் வீட்டு கிராமபோன் பெட்டியில் நாடக செட்டுகள் நிறையக் கிடந்தன. வீணை இல்லை.

இருந்தது ஒரே ஒரு கேசட். சாம்பசிவ ஐயரின் பழைய ஒலிப்பதிவு ஒன்றைத் திருச்சி வானொலி ஒரு இரவு ஒலிபரப்பியபோது, அப்பச்சி (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) டேப்ரிக்கார்டரைக் கொண்டுவந்து வானொலிப் பெட்டிக்கு எதிரே வைத்து அமுக்கிவிட்டார். யாரும் பேசக்கூடாது என்று கட்டளை. வீடு கேட்குமா? தானம் நடுவில் ஓடிக்கொண்டிருக்கும்போது கிணற்று ராட்டினம் கிறீச்சிடும். வளவில் பாத்திரம் ஒன்று விழும். அப்பத்தா யாரையோ அதட்டி அடக்குவாள், அந்த அதட்டல் பாத்திரத்தைவிடச் சத்தம். இவற்றுக்கெல்லாம் மேலே, சாம்பசிவ ஐயர் சுண்டுவிரலால் பக்கத்துத் தாளத் தந்திகளைத் தட்டித் தட்டி நடையைக் கொஞ்சமும் தளரவிடாமல் போகிற ஒவ்வொரு இடத்திலும், ஐயாவின் தொண்டையிலிருந்து ஒரு 'ம்ம்'. கடைசியில் அறிவிப்பாளர் வாயைத் திறப்பதற்குள் ஐயாவின் குரல் முந்திக்கொள்ளும்: "அண்ணன் இல்லயே." அத்தோடு டேப் நிற்கும்.

மாலையில் விளக்கு வைத்த பிறகு அதைப் போட்டுக் கேட்போம். ஆத்தங்குடிக் கல்லில் வெறும் முதுகோடு படுத்துக்கொண்டு, அதன் குளிர்ச்சி எலும்புவரை ஏற ஏற, முற்றத்துக்கு மேலே தெரியும் சதுர வானத்தில் இருட்டு நிறைவதைப் பார்த்துக்கொண்டு கேட்ட அந்தப் பொழுது இனி எந்த ஊரில் வரும்?

ஐயா போனார். அப்பத்தா போனாள். பங்காளிகளுக்குள் வீடு பாகமாயிற்று, ஆளுக்கொரு அறை, அறைக்கொரு பூட்டு. எந்தப் பூட்டுக்குள் அந்தக் கேசட் போயிற்றோ, கடைசிவரை கிடைக்கவில்லை.

இப்போது சாம்பசிவ ஐயரின் வாசிப்பு கைப்பேசியிலேயே கிடைக்கிறது. வெளிச்சத்தம் புகாத செவிப்பொறி வாங்கியிருக்கிறேன், விலை சொன்னால் ஐயா திட்டுவார். பதின்மூன்றாவது மாடியில் கண்ணாடியை இழுத்துச் சாத்திவிட்டால் மீட்டு ஒவ்வொன்றும் அறுத்துக் கொடுத்ததுபோல் விழுகிறது. ராட்டினம் இல்லை. அதட்டல் இல்லை. 'ம்ம்' வரவேண்டிய இடங்களை மனசு அறியும், அங்கங்கே நின்று காத்திருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறது. ஊரை விட்டு வந்தவர்கள் எல்லோரிடமும் இப்படி ஒரு பாட்டு இருக்கும், உங்களிடமும் இருக்கும். சுத்தமான பதிவு வந்துவிட்டது என்று யாரோ சந்தோஷமாக அனுப்பியிருப்பார்கள். நீங்களும் நன்றி சொல்லியிருப்பீர்கள்.

சாம்பசிவ ஐயரும் கடைசியில் ஊரை விட்டுப் போனவர்தான். ருக்மிணி தேவி அழைக்க, சென்னையில் அவர் நிறுவிய கலாக்ஷேத்ராவுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். 1958இல் மறைந்தார். வாசிப்பு அறுந்துபோகவில்லை. சிறுமியாக அவர் வீட்டிலேயே தங்கிக் குருகுலவாசம் செய்த ரங்கநாயகி ராஜகோபாலனும், அந்தக் குடும்பத்திலேயே பிறந்த ராஜேஸ்வரி பத்மநாபனும் அதைக் கொண்டுபோனார்கள். ராஜேஸ்வரியின் தம்பி சுப்ரமணியன் வீணையோடு ஆய்வையும் சேர்த்துக்கொண்டார். ரங்கநாயகி தானம் வாசிப்பதைக் கேளுங்கள். அந்தப் பிடிவாதமான காலப்பிரமாணம் அங்கே இருக்கிறது. ஒருவரிடம் இரண்டு வீணையையும் எதிர்பார்ப்பது நியாயமில்லை என்று தெரிந்தும் நான் எதிர்பார்க்கிறேன்.

போன முறை ஊருக்குப் போனபோது முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்தேன். இடித்த வீடுகளின் கதவு, தூண், எனாமல் பாத்திரம், சாமி படம் எல்லாம் அங்கேதான் விலைக்கு வருகின்றன. ஒரு கடை வாசலில் கிராமபோன் கொம்பு ஒன்றைத் துடைத்து மஞ்சளாக்கி வைத்திருந்தார்கள். ஊரைப் பார்க்க வந்த ஒருவர் பூச்செடி வைக்க வசதியாயிருக்கும் என்றார். அதோடு வந்த தட்டுகள் எங்கே என்று கேட்டேன். உடைந்தது போக மிச்சம் எடைக்குப் போய்விட்டதாகக் கடைக்காரர் சொன்னார்.

பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு நீங்கள் பங்காளியாக இருந்தால் ஒரு வேண்டுகோள். தூணையும் கதவையும் விற்றுக்கொள்ளுங்கள், அது உங்கள் பாடு. பரணில் இசைத்தட்டோ, ஸ்பூல் நாடாவோ, பெயர் எழுதாத கேசட்டோ கிடந்தால் மட்டும் எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை ஓடவிட்டுக் கேளுங்கள். இரண்டு வீணை கேட்டால் எழுதுங்கள். இருமல், அதட்டல், ராட்டினம் எதுவும் கேட்டால், அதை அழித்துவிடாதீர்கள்.