இழுக்காத லாரிக்குப் புகைக்குழாயே சாட்சி

சேலத்திலிருந்து லோடு ஏற்றி வரும் பழைய லாரி தொப்பூர் ஏற்றத்தில் வழக்கத்தைவிட ஒரு கியர் இறங்கித் திணறினால், பட்டறையில் இரண்டு தீர்ப்புகள் தயாராக இருக்கும்: டீசல் பம்பைக் கழற்று, இல்லையென்றால் சிலிண்டர் போர் வேலை பார். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்க்க வழியில்லாத பழைய டீசல் இன்ஜின் என்பதால் ஊகத்துக்கு இவ்வளவு செல்வாக்கு. இரண்டுமே கடைசியில் கைவைக்க வேண்டியவை என்பது என் கட்சி. முதலில் பார்க்க வேண்டியது இன்ஜினுக்குக் காற்று போதவில்லையா, டீசல் போதவில்லையா என்பதை. அதைப் புகையே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு லிட்டர் டீசல் முழுசாக எரிய ஏறக்குறைய 10,000 லிட்டர் காற்று வேண்டும். ஏற்றத்தில் கரும்புகை கக்கினால் டீசல் போகிறது, காற்றுதான் பற்றவில்லை: ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், டர்போ வண்டியானால் ரப்பர் ஹோஸ் விரிசல் விட்டிருக்கலாம், எக்ஸாஸ்ட் பிரேக் தகடு பாதி மூடியபடி சிக்கியிருக்கலாம். நாசில் ஒழுகினாலும் கரும்புகை வருமே என்றால், வரும்தான். ஆனால் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்கச் செலவில்லை. புகையே இல்லாமல் சோர்ந்தால் டீசல் பக்கம் போக வேண்டும். டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்தால், கிளம்பும்போது நன்றாக ஓடும் வண்டி போகப்போக இழுவை இழக்கும். மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடி தெம்பாகிவிடும். ஃபீட் பம்புக்கு வரும் லைனில் ஒரு முழம் கண்ணாடி டியூப் மாட்டினால், எங்கோ காற்று இழுப்பது குமிழியாகத் தெரியும். இதையெல்லாம்விட எளிது, ஒருவர் ஆக்ஸிலேட்டரை முழுதும் மிதிக்க, இன்னொருவர் பம்ப் லீவரைப் பார்ப்பது. இணைப்புக் கம்பியின் முனைகள் தேய்ந்த வண்டியில் பெடல் தரையைத் தொட்டாலும் லீவர் கடைசிவரை போகாது. இதை ஏனோ யாரும் பார்ப்பதில்லை.

வயதான இன்ஜின், ரிங் தேய்ந்திருக்காதா என்று கேட்கலாம். தேயும், ஆனால் தேய்மானம் ஒரே வாரத்தில் வருவதில்லை. காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பது, ஆயில் குறைவது, பிரீதர் குழாயில் புகை தள்ளுவது என்று மாதக்கணக்கில் முன்னறிவிப்பு கொடுக்கும். பம்ப் ஸ்க்ரூவைத் திருகியதும் வண்டி இழுத்ததே என்பது இன்னொரு வாதம். காற்று பற்றாத இன்ஜினுக்குக் கூடுதல் டீசலைக் கொட்டினால் அது பெரும்பாலும் கரும்புகையும் சூடுமாகப் போகும். வால்வும் டர்போவும் அந்தச் சூட்டில்தான் கெடுகின்றன. பம்புக்கே டீசல் வந்து சேராத வண்டியிலோ, ஸ்க்ரூ எவ்வளவு திருகினாலும் பயனில்லை. சில சமயம் குற்றவாளி இன்ஜினே இல்லை. வண்டி வேகமெடுக்காமல் இன்ஜின் மட்டும் இரைந்தால் கிளட்ச் நழுவுகிறது. பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓடி நின்ற வண்டியில் ஒரு டிரம் மட்டும் பக்கத்தில் கையே கொண்டுபோக முடியாதபடி கொதித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இவற்றில் எது குற்றவாளியோ அதைச் சரிசெய்துவிட்டு, லோடோடு இன்னொரு தடவை ஏற்றிப் பார்த்த பிறகு பம்ப் கடையைப் பற்றி யோசிக்கலாம்.