நாலு சக்கரத்துக்கும் ஒரே குழாய்



போன வாரம் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், காருக்கு அடியில கிடக்கிறது யாரு?", "சிவப்புக் கார் என்ன விலை?", "ஆச்சி எதுக்கு டிரைவர் சீட்ல உக்காந்திருக்காங்க?" என்று ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். தனித்தனியாகப் பதில் எழுதினால் கண் வலிக்கிறது. எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். ரீசஸ் நேரத்தில் படியுங்கள்.

அடியில் கிடப்பது என் மாப்பிள்ளை. நான் இப்போது இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரில் மகள் வீட்டில் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். கார், டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3. 1968-இல் செய்தது. இரண்டே இரண்டு இருக்கை, மேலே துணிக்கூரை. மாப்பிள்ளை நாலு வருஷமாகச் சேர்த்த பணத்தில் வாங்கிய பழைய வண்டி. இந்த ஊரிலேயே கான்லி என்ற பகுதியில் இருந்த ஆலையில்தான் இது பிறந்தது. ஆலை இப்போது இல்லை.

எனக்கு இந்தக் கார் மேல் ஒரு தனிப் பாசம் உண்டு. என் அப்பா பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் வீட்டு டிரைவர். அவர் ஓட்டியது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி செய்த வண்டி. அந்த ஹெரால்டு, 1959-இல் இதே கவன்ட்ரியில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த காரின் இந்தியப் பிறப்பு. அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குட்டையாக்கி, மேலே வேறு உடம்பு வைத்து 1962-இல் கொண்டுவந்ததுதான் ஸ்பிட்ஃபயர். இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரரான மிக்கெலோட்டி. ஆக, மாப்பிள்ளையின் காரும் அப்பா துடைத்துத் துடைத்து வைத்த காரும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள். முன்பக்க பானெட்டை மொத்தமாக முன்னால் சாய்த்துத் திறக்கிற விதம்கூட ஒன்றே. சின்ன வயதில் நாங்கள் அதை முதலை வாய் என்போம். மாப்பிள்ளை முதல் தடவை திறந்து காட்டியபோது நான் அந்தப் பெயரைச் சொன்னேன். பேத்தி பிடித்துக்கொண்டாள். இப்போது இந்த வீட்டில் அது "குரோக்கடைல்" ஆகிவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை பெட்ரோல் போடப் போனார். பக்கத்து இருக்கையில் ஒன்பது வயதுப் பேத்தி. திரும்பி வரும்போது ஒரு ரவுண்டானா நெருங்குகிறது. பிரேக்கை மிதித்திருக்கிறார், பெடல் எதிர்ப்பே இல்லாமல் தரைக்குப் போய்விட்டது. இரண்டாவது மிதிக்கும் ஒன்றும் இல்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரைக் குறைத்து, புல் மேட்டில் ஏற்றி நிறுத்தியிருக்கிறார். ஹேண்ட் பிரேக் கம்பி வழியாகப் பின் சக்கரங்களுக்குத் தனியாகப் போவதால் அது பிடித்தது. ஒருவருக்கும் கீறல் இல்லை. பேத்தி வீட்டுக்கு வந்து, "அப்பா கிராஸ்ல பார்க் பண்ணிட்டாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். மகள் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு நாள் இந்த வீட்டில் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் மகள் ஒரு வார்த்தை சொன்னாள்: "வித்துடுங்க." அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அடிபட்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள். அவள் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு கராஜுக்குப் போய்விட்டார்.

நான் பின்னாலேயே டீ எடுத்துக்கொண்டு போனேன். வண்டியை ஸ்டாண்டுகளில் தூக்கி நிறுத்தியிருந்தார். (ஜாக்கியை மட்டும் நம்பி எந்த வண்டிக்கு அடியிலும் போகாதீர்கள். மெக்கானிக் கடை வைத்திருக்கிற நம் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.) டார்ச் அடித்துக் காட்டினார். பின் சக்கரங்களுக்கு பிரேக் ஆயில் கொண்டுபோகிற நீளமான எஃகுக் குழாய், சட்டத்தோடு ஒரு கிளிப்பில் பிடித்திருக்கும் இடத்தில் ஓட்டை. இங்கே குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்க ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். சேறும் உப்பும் அந்தக் கிளிப்புக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியே பார்த்தால் தெரியாது, உள்ளேயே தின்றுகொண்டிருக்கும். உவரியிலும் மணப்பாட்டிலும் ஜன்னல் கம்பி என்ன ஆகும் என்று கண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்களுக்கு சிரிஞ்சு சோதனை ஞாபகம் இருக்கும். சின்ன சிரிஞ்சு ஒன்று, பெரிய சிரிஞ்சு ஒன்று, நடுவே குளுக்கோஸ் பாட்டில் டியூப், முழுக்கத் தண்ணீர். சின்னதை ஒரு விரலால் அழுத்தினால் பெரியதை இரண்டு விரலால் தடுத்தாலும் நிற்காது. பாஸ்கல் விதி. மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தின் மேல் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். கார் பிரேக்கும் அதேதான். காலுக்கு அடியில் மாஸ்டர் சிலிண்டர் சின்ன சிரிஞ்சு, சக்கரத்தில் இருப்பவை பெரிய சிரிஞ்சு. ஆனால் "மூடிய பாத்திரம்" என்ற வார்த்தை அந்த விதியின் உயிர். ஒரு இடத்தில் ஓட்டை விழுந்தால் அழுத்தம் எங்குமே இருக்காது. இப்போதைய கார்களில் இதை இரண்டு தனித்தனிச் சுற்றாகப் பிரித்திருப்பார்கள், ஒன்று போனாலும் மற்றது பாதிப் பிடிப்பாவது கொடுக்கும். இந்த ஸ்பிட்ஃபயரில் நாலு சக்கரத்துக்கும் ஒரே சுற்று. பின்னால் ஒரு குழாயில் குண்டூசி அளவு ஓட்டை விழுந்தால் முன்னால் டிஸ்க் பிரேக் இருந்தும் பயனில்லை.

மாப்பிள்ளை அந்த ஒரு குழாயை மட்டும் மாற்றிவிடலாம் என்று இருந்தார். "மத்ததெல்லாம் பார்க்க நல்லாத்தான் இருக்கு அத்தை" என்றார். நான் கொண்டை ஊசியை எடுத்து, முன் சக்கரத்துக்குப் போகிற குழாயின் கறுப்புப் பெயிண்டை லேசாகச் சுரண்டினேன். பெயிண்ட் செதிலாகக் கழன்று வந்தது. அடியில் பழுப்புத் தூள். "மாப்பிள்ளை, இது ஒரே வகுப்புப் பிள்ளைங்க. ஒருத்தனுக்கு அம்மை வந்தா மத்தவனைப் பக்கத்துல உக்கார வைப்பீங்களா?" என்றேன். கொஞ்ச நேரம் அந்தத் தூளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லாக் குழாய்களையும் நாலு ரப்பர் ஹோஸ்களையும் மாற்றுவது என்று முடிவானது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் எம்.ஓ.டி. என்று வருடா வருடம் வண்டிச் சோதனை உண்டு, நம் ஊர் எஃப்.சி. மாதிரி. 40 வயதைத் தாண்டிய, அதிகம் மாற்றி அமைக்காத வண்டிகளுக்கு 2018 மே மாதத்திலிருந்து அது கட்டாயம் இல்லை. வண்டி ஓடத் தகுதியாக இருக்க வேண்டியது உரிமையாளர் பொறுப்பு. எனக்கு இது விசித்திரமாகப் படுகிறது. வயதானவர்களுக்குத்தானே டாக்டர் அதிகம் தேவை?

மகளிடம் போய்ப் பேசினேன். "எல்லாத்தையும் மாத்தட்டும். நீ பார்த்து சரின்னு சொன்னா ரோட்டுக்கு வரட்டும். இல்லைன்னா விக்கணும்" என்றாள். அப்படித்தான் நான் இன்ஸ்பெக்டர் ஆனேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, வருகைப் பதிவேடு போலக் கோடு போட்டேன். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு எண். கழற்றியது, மாட்டியது, இறுக்கியது, ஒழுகுகிறதா என்று நாலு கட்டம்.

கழற்றுவதுதான் பெரும் பாடு. ஐம்பது வருஷத் துருவில் நட்டு குழாயோடு ஒட்டிப்போய், நட்டைத் திருப்பினால் குழாயும் சேர்ந்து முறுக்கிக்கொள்கிறது. துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து ராத்திரி முழுக்க ஊறவிட்டார். சாதாரண ஸ்பேனர் வைத்தால் இந்தச் சின்ன நட்டின் முனை மழுங்கிவிடும் என்று, குழாய் நுழைய ஒரு பக்கம் வெட்டுவிட்ட ரிங் ஸ்பேனர் வைத்திருக்கிறார். அது நட்டைச் சுற்றிப் பிடிக்கிறது.

புதுக் குழாய்க்கு எஃகு வேண்டாம் என்று செம்பும் நிக்கலும் கலந்த குழாய்ச் சுருள் வாங்கினார். 3/16 அங்குலம். இது துருப்பிடிக்காது. வெறும் செம்பும் விற்கிறது, வளைக்க இன்னும் சுலபம். ஆனால் செம்பு அதிர்ந்து அதிர்ந்து இறுகிப்போய் விரிசல் விடக்கூடும், கலப்பு உலோகம் அதைத் தாங்கும். பழைய குழாயைப் பக்கத்தில் வைத்து, அதே வளைவுக்குப் புதியதைக் கையாலேயே வளைத்தார். பேத்தியின் வேலை, இரண்டையும் தரையில் வைத்து ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்ப்பது. இடியாப்பம் பிழிகிற கவனத்தோடு பார்த்தாள்.

குழாயின் நுனியை விரித்து உதடு உண்டாக்க வேண்டும். நட்டு இறுகும்போது அந்த உதடுதான் அடைப்பு. வெளிமரை நட்டு வருகிற முனைக்குக் காளான் தலை போல ஒரு வடிவம், உள்மரை நட்டுக்குப் புனல் போல இரட்டை மடிப்பு. மாற்றிப் போட்டால் இறுகின மாதிரி இருந்து பிறகு ஒழுகும். இதில் ஒரு வேடிக்கை. உதடு விரிக்கும் முன் நட்டைக் குழாயில் கோத்துவிட வேண்டும். விரித்த பிறகு உள்ளே போகாது. மாப்பிள்ளை அழகாக உதடு விரித்துவிட்டு, பெருமையோடு தூக்கிக் காட்டினார். நட்டு மேஜை மேல் இருந்தது. பேத்தி நட்டைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அவர் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். அதற்கப்புறம் அவள் "அப்பா, நட்?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

இரண்டு வார இறுதிகளில் குழாய் வேலை முடிந்தது. மூன்றாவது சனிக்கிழமை ஏர் எடுக்கும் வேலை. அதற்குத்தான் நான் டிரைவர் சீட்டில். சேலையைத் தூக்கிச் செருகி, மேலே ஸ்வெட்டர் போட்டு, பாயில் உட்காருகிற மாதிரிதான் அதில் இறங்க வேண்டியிருக்கிறது. ஏறுவது இன்னும் கஷ்டம்.

சிரிஞ்சு சோதனையில் டியூபுக்குள் ஒரு காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? அழுத்துவோம், குமிழி சுருங்கும், அடுத்த சிரிஞ்சு அசையாது. பிரேக்கிலும் அதேதான், பெடல் பஞ்சு போல இருக்கும். புது ஆயில் டாட் 4. காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிற சாதி. புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் அந்த அளவு 155 வரை இறங்கலாம். அதனால் திறந்து வைத்த பழைய டப்பாவைத் தொடவே கூடாது என்றேன், அவரும் சீல் உடைக்காததைத்தான் வாங்கி வந்திருந்தார். பெயிண்டில் ஒரு சொட்டு விழுந்தால் உரித்துவிடும் என்று பேத்தி ஒரு வாளித் தண்ணீரோடு காவல்.

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் ஆரம்பித்தோம்.

"அழுத்துங்க அத்தை."

"அழுத்தியாச்சு மாப்பிள்ளை."

"அப்படியே பிடிச்சுக்கோங்க... ம், விடுங்க."

பிளீடர் திருகில் மாட்டிய கண்ணாடி டியூபில் குமிழி வருவதை அவர் பார்ப்பார். குமிழி நின்றால் அடுத்த சக்கரம். நாலும் முடிந்தும் பெடல் கொஞ்சம் ஆழமாகவே போனது. பின்பக்க டிரம்மில் பிரேக் ஷூவைத் தள்ளி வைக்கும் திருகை இன்னும் இறுக்க வேண்டியிருந்தது. அதை முடித்து இரண்டாவது சுற்று.

அந்த இரண்டாவது சுற்றில், நான் பெடலை மிதித்துப் பிடித்திருக்கும்போது, காருக்கு அடியிலிருந்து அவர் பேசினார். முகம் தெரியவில்லை. "அத்தை, அன்னிக்கு பெடல் கீழ போனப்ப பாப்பா பாட்டுப் பாடிக்கிட்டு இருந்தா. நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தப்பவும் நிறுத்தலை. ராத்திரி படுத்தா அந்தப் பாட்டுத்தான் கேக்குது." மகளிடம் இதைச் சொன்னீர்களா என்று கேட்டேன். சொல்லவில்லை என்றார். "சொல்லுங்க" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "விடுங்க அத்தை" என்றார். பெடலைத்தான்.

அப்பா தினமும் காலையில் சாவி போடும் முன் மூன்று தடவை பிரேக்கை மிதித்துப் பார்ப்பார். "கால் தரையைத் தொடக் கூடாது" என்பார். நானும் மூன்று தடவை மிதித்தேன். பாதி வழியிலேயே கல் போல நின்றது. பலம் கொண்ட மட்டும் மிதித்து, பேத்தி முந்நூறு எண்ணும் வரை பிடித்திருந்தேன். மாப்பிள்ளை ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ பேப்பரை ஒற்றி எடுத்தார். ஒன்றைத் தவிர எல்லாம் காய்ந்திருந்தன. அந்த ஒன்றை நோட்டில் சிவப்பில் சுழித்தேன். முன் இடது ஹோஸ், செம்பு வாஷர் சரியாக உட்காரவில்லை. புது வாஷர் போட்டு, அந்தச் சக்கரத்துக்கு மட்டும் மறுபடி ஏர் எடுத்தோம். ராத்திரி விட்டு, காலையில் திரும்பவும் ஒற்றினோம். காய்ந்த தாள்தான்.

ஞாயிறு காலை அவர் மட்டும் தெருவிலேயே மெதுவாக ஓட்டி, நிறுத்தி, ஓட்டி, நிறுத்திப் பார்த்தார். நான் வாசலில் நின்று எண்ணினேன். பன்னிரண்டு தடவை. வண்டி ஒரு பக்கமாக இழுக்கவில்லை.

மகள் நைட் டியூட்டி முடிந்து யூனிஃபாமோடு வந்தாள். நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். சிவப்புச் சுழிப்பில் விரல் வைத்து, "இது?" என்றாள். சொன்னேன். கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்தைப் பார்த்தாள். நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு, பையைக்கூட இறக்காமல் போய்ப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் கையை ஆட்டினேன்.

இருபது நிமிஷத்தில் வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். ஒன்றேகால் மணி நேரம் கழித்துத்தான் வந்தார்கள். மகளின் கண் சிவந்திருந்தது. தூக்கமில்லாததாலும் இருக்கலாம், நான் கேட்கவில்லை. இரண்டு இருக்கைதானே, அதுவரை பேத்தி அவளுடைய குழந்தை இருக்கையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அம்மா இறங்கியதும் ஒரு வார்த்தை பேசாமல் அதைத் தூக்கிக்கொண்டு ஏறினாள்.