கருவி பிடித்த கைகள்

முதலாம் உலகப்போரின் அகழிகளிலே நின்று பொருதவர்களுள் இறுதியாக எஞ்சியிருந்தவர் என்னும் பெயரோடு, 2009 யூலை 25ஆந் திகதி, தமது 111ஆவது வயதில் ஹரி பட்ச் மறைந்தார். பத்திரிகைகளும் அப்பெயராலேயே அவரைக் குறித்தன. ஆனால், அவர் போர்முனையில் இருந்தது 1917 யூன் முதல் செப்ரெம்பர் வரை, ஏறத்தாழ நான்கு மாதங்களே. எஞ்சிய நீண்ட வாழ்நாளின் பெரும்பகுதியில் அவர் குழாய் பொருத்தினார். அந்த மனிதரையே இங்கு நினைவுகூரத் தோன்றுகிறது.

இங்கிலாந்தின் பாத் நகரை அடுத்த கூம் டவுன் என்ற ஊரில், ஒரு கற்கொத்தரின் மகனாக 1898இல் அவர் பிறந்தார். பதினைந்து வயதிலே பாடசாலையை விட்டுக் குழாய்த் தொழில் பழகச் சென்றார். அக்காலத்தில் அத்தொழில் ஈயத்தோடு கூடியது. உருகிய ஈயத்தை, அது இறுகுமுன் துணியால் வழித்துப் பொருத்தை உருவாக்குதல் வேண்டும். இதனை நூல் கற்பிக்காது, கைதான் கற்கவேண்டும். அக்கை தேறிவரும் வேளையிலேயே, 1916 ஒக்ரோபரில், கட்டாய ஆட்சேர்ப்பு அவரை அழைத்தது. விரும்பிச் சென்றவரல்லர் அவர்.

பெல்ஜியத்தில், பஷண்டேல் சேற்றிலே, லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிக் குழுவொன்றில் ஐவருள் ஒருவராக அவர் இருந்தார். சுடுபவருக்கு உதவியாக நின்று, துப்பாக்கியின் மாற்று உறுப்புகளைச் சுமப்பது அவர் பணி. பழுதுபார்க்கத் தெரிந்தவனுக்குப் படையிலும் பழுதுபார்க்கும் வேலையே வாய்த்தது போலும்! இயன்றவரை எவரையும் கொல்வதில்லை, கால்களையே குறிவைப்பது என்று அவ்வைவரும் தமக்குள் உடன்பட்டிருந்தனர். துப்பாக்கி முனைக்கத்தியோடு பாய்ந்துவந்த ஜேர்மன் வீரனொருவனைத் தோளிலும், பின்னர் கணுக்காலிலும் முழங்காலிலும் சுட்டு, உயிர் போகாமல் விழச்செய்தார் பட்ச். 1917 செப்ரெம்பர் 22ஆந் திகதி இரவு வெடித்த எறிகணை, அக்குழுவில் மூவரைப் பலிகொண்டது. அவரும் காயமுற்றார். பின்னாளில் உலகம் நவம்பர் 11ஐ நினைவுநாளாகக் கொண்டாடியபோதும், அவருக்குரிய நினைவுநாள் செப்ரெம்பர் 22ஆகவே இருந்தது.

காயம் ஆறிவந்த காலத்தில் ஏடா என்னும் பெண்ணைச் சந்தித்து 1919இல் மணந்தார். இரு புதல்வர்கள் பிறந்தனர். மீண்டும் கருவிப்பை தோளில் ஏறியது. பிறிஸ்ரல் பல்கலைக்கழகத்தின் வில்ஸ் நினைவுக் கட்டடம் 1925இல் திறக்கப்பட்டது. அதன் குழாய் வேலைகளில் அவர் கைபட்டிருந்தது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து, 2005இல், அதே பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முதுகலைப் பட்டம் அளித்தது. ஒரு பல்கலைக்கழகம் தன் சுவருக்குள் குழாய் பதித்தவரை நினைத்துப் பார்த்தது, அடிக்கடி நிகழாத நற்செயல். இரண்டாம் உலகப்போரில் படைக்குரிய வயதைக் கடந்துவிட்ட அவர், பாத் நகரில் பகுதிநேரத் தீயணைப்பாளராகி, 1942 ஏப்ரலில் குண்டுகள் மூட்டிய தீயோடு போராடினார்.

இத்தனைக்கும் இடையில், வீட்டிலே ஓர் அறை பூட்டியே கிடந்தது. ஏறத்தாழ ஐம்பத்தேழு ஆண்டுகள் உடன் வாழ்ந்த மனைவியிடங்கூட அவர் போரைப் பற்றிப் பேசியதில்லை. ஏடா 1976இல் அதனை அறியாமலே இறந்தார். அன்பு மிக்கவர்களிடமே சொல்ல இயலாத சில உண்டு என்று இதனைக் கொள்ளலாம். எனினும், அந்த மௌனத்தின் பாரத்தை ஏடாவும் அறியாமலே சுமந்திருப்பார் என்பதை மறத்தல் ஆகாது.

நூறாவது வயதில், 1998இல், தொலைக்காட்சிக்காரர் வந்து கேட்டபோதுதான் அவர் வாய் திறந்தது. அதன்பின் முதியோர் இல்லத்துக்கு வந்தோருடன் பேசினார். 2004இல், பஷண்டேலில் எதிரணியில் நின்ற அல்சாஸ் நாட்டவரான சார்ள்ஸ் குன்ட்ஸைச் சந்தித்தார். ஒருவருக்கு வயது 106, மற்றவருக்கு 107. பட்ச் தம் ஊர் ஆப்பிள் மதுவைக் கொடுக்க, குன்ட்ஸ் தம் ஊர் பிஸ்கற்றுகளைக் கொடுத்தார். அயல்வீட்டார் பண்டம் மாற்றிக்கொண்டது போன்ற இச்சந்திப்பைவிடப் பெரிய சமாதான உடன்படிக்கை எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

2008 செப்ரெம்பரில், 1917இல் தம் படையணி கடந்த ஸ்ரீன்பீக் ஓடைக்கரையிலே, மாண்ட தோழர்களுக்காகத் தம் கொடையாக ஒரு கல் நிறுவினார். நடுகல் மரபை அறிந்த தமிழர்க்கு அக்கல் புதிதன்று. அதனை நட்டவர் ஒரு கற்கொத்தரின் மகன் என்பதும் பொருத்தமே.

வெல்ஸ் பேராலயத்தில் 2009 ஓகஸ்ட் 6ஆந் திகதி அவரது இறுதிக் கிரியை நடைபெற்றது. பேழையின் அருகே பிரித்தானிய வீரரோடு பெல்ஜிய, பிரெஞ்சு, ஜேர்மன் வீரரும் நடந்தனர். அவரது விருப்பப்படி, ஒருவர் கையிலும் ஆயுதம் இருக்கவில்லை.