மலிவான நாடு

இலண்டனில் ஐம்பது வயதைக் கடந்த இலங்கைத் தமிழர் நால்வர் ஒரு தேநீர் மேசையைச் சுற்றி அமர்ந்தால், அரசியல் பேசி அலுத்த பிறகு பேச்சு ஓய்வுக்காலத்தில் வந்து நிற்கும். எந்த நாட்டில் எவ்வளவு பணத்தில் காலத்தை ஓட்டலாம் என்று கணக்குப் போடத் தொடங்குவார்கள். ஒருவர் போர்த்துக்கல் என்பார். இன்னொருவர் மலேசியா என்பார். திருச்சியில் அடுக்குமாடி வீடொன்று பார்த்துவைத்திருப்பதாக மூன்றாமவர் குரலைத் தாழ்த்திச் சொல்வார். இத்தகைய பேச்சுகளில் நான் பெரும்பாலும் கேட்பவனாகவே இருந்திருக்கிறேன். என் மனத்தில் இருந்த இடம் பண்டாரவளை.

கடந்த தை மாதம் அங்கே ஒரு வீடு பார்க்கப் போயிருந்தேன்.

எனக்கு இப்போது வயது 57. பிரித்தானிய அரச ஓய்வூதியம் என் வயதினருக்கு 67இல்தான் கிடைக்கும். இடையே கிடப்பது பத்து ஆண்டு. அந்தப் பத்து ஆண்டையும் இலண்டன் வாடகையில் கழிப்பதானால் என் சேமிப்பு நான்கைந்து ஆண்டிலேயே தீர்ந்துவிடும். ஊவா மலையில் கழிப்பதானால் 67 வரை தாக்குப்பிடிக்கும். (இந்தக் கணக்கில் பலர் கவனிக்கத் தவறும் ஒரு முள் உண்டு. இலங்கையில் வசிப்பவருக்குப் பிரித்தானிய அரச ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயர்வதில்லை. முதலில் பெற்ற தொகையிலேயே உறைந்து நின்றுவிடும். போகிறவர்கள் அறிந்து போவது நல்லது.)

இலங்கை அரசும் இத்தகையோரை வரவேற்கவே செய்கிறது. 55 வயதைக் கடந்த வெளிநாட்டவருக்கென்று 'என் கனவு இல்லம்' என்னும் விசாத் திட்டத்தை அது வகுத்தது. 15,000 டொலரை வங்கியில் வைப்பிட வேண்டும். மாதந்தோறும் 1,500 டொலர் வெளியிலிருந்து வந்து சேரவேண்டும். பிரித்தானியக் குடியுரிமையை ஏற்றுக்கொண்டபோது என்னுடைய இலங்கைப் பிரஜாவுரிமை இல்லாமற்போயிற்று. எனவே பசறை வீதியிலிருந்து பிரிந்து செல்லும் ஒரு தோட்டத்தின் லயத்திலே பிறந்த நானும் சட்டத்தின் கண்ணுக்கு வெளிநாட்டவனே. 2014ஆம் ஆண்டின் காணிச் சட்டம் வெளிநாட்டவர் இலங்கையில் நிலத்தைச் சொந்தமாக்கிக்கொள்வதைத் தடுக்கிறது, குத்தகைக்கு எடுக்கலாம். இரட்டைப் பிரஜாவுரிமை பெற்றால் இந்தத் தடைகள் நீங்கும். இவையெல்லாம் தெரிந்துதான் போனேன்.

தரகர் இளைஞர், நல்ல பையன். பண்டாரவளை நகரிலிருந்து சற்று விலகி, ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில், இரண்டு அறைகளும் கண்ணாடிபோட்ட முன்விறாந்தையும் கொண்ட வீடு. வாசலில் நின்றால் நமுனுகுல மலை தெரிந்தது. நவம்பர் இறுதியில் அடித்த டித்வா புயல் பதுளை மாவட்டத்தைப் புரட்டிப்போட்டு இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஆயினும் இந்தச் சரிவில் ஒரு கல்லும் அசையவில்லை என்று அவர் உறுதி கூறினார். பக்கத்துப் பஸ் நிறுத்தம் எது என்று கேட்டேன். "பிந்துனுவெவ, சேர்" என்றார்.

அவருக்கு அந்தப் பெயர் ஒரு பஸ் நிறுத்தம். 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் திகதி அங்கிருந்த புனர்வாழ்வு முகாமில் 27 தமிழ் இளைஞர்கள் ஊர்க்கும்பலால் கொல்லப்பட்டார்கள். காவலுக்குப் பொலிஸார் இருந்தார்கள். மறுநாள் கொழும்பிலிருந்து நாங்கள் செய்தி எடுக்கப் போனபோது புகை அடங்கியிருக்கவில்லை. தண்டிக்கப்பட்டவர்களை 2005இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. அப்போது நான் இலண்டனில் இருந்தேன். தரகரிடம் இதைச் சொல்லவில்லை. அவர் அப்போது பிறந்தேயிருக்கமாட்டார்.

அவர் சொன்ன இன்னொரு வார்த்தைதான் என்னோடு ஊருக்கு வந்தது. "சமையலுக்கு ஆள் பிரச்சினை இல்லை, சேர். தோட்டத்தில் பென்சன் எடுத்த பொம்பிளைகள் வருவார்கள். சம்பளம் குறைவு. கைச்சுத்தம்."

மாலையில் பதுளைக்குப் போய், அங்கிருந்து பசறை பஸ்ஸில் அக்காவிடம் போனேன். அக்காவுக்கு 60 வயது. 1983இல், பதினெட்டு வயதில் கொழுந்துக் கூடையை எடுத்தவர். 2020இல் 55 வயதில் இறக்கிவைத்தார். 37 ஆண்டு. ஊழியர் சேமலாப நிதியில் கிடைத்தது மகளின் கலியாணத்தோடு போயிற்று. சேவைக்காலப் பணம் மட்டும் வங்கியில் கிடந்தது. சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு ஓராண்டுச் சேவைக்குப் பதினான்கு நாட்சம்பளம். அன்று அடிப்படைச் சம்பளம் 700 ரூபா. 37 ஆண்டுக்கும் சேர்த்து 362,600 ரூபா.

நான் பத்திரிகையாளன், எண்களைக் கண்டால் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் உண்டு. நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதிப் பார்த்தேன். 2020இல் ஒரு டொலர் ஏறத்தாழ 185 ரூபா. அக்காவின் 37 ஆண்டு, இரண்டாயிரம் டொலருக்குச் சற்றுக் குறைவு. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று கைவிரித்தது. மே மாதத்தில் டொலர் 360ஐத் தொட்டது. அதே பணம் ஆயிரம் டொலர் ஆயிற்று. வங்கிப் புத்தகத்தில் ஒரு ரூபாவும் குறையவில்லை. அரிசியும் மாவும் விலையேற, அந்தப் பணம் வாங்கக்கூடியது மட்டும் குறைந்துகொண்டே போயிற்று.

இப்போது டொலர் ஏறத்தாழ 300 ரூபா. ஒரு வெளிநாட்டவர் விசாவுக்காக மாதம் கொண்டுவரவேண்டிய 1,500 டொலர், 450,000 ரூபா. அக்காவின் 37 ஆண்டுப் பணிக்குக் கிடைத்ததைவிட என்னுடைய ஒரு மாதம் பெரிது. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டம் நாட்சம்பளத்தை வரவுக் கொடுப்பனவோடு சேர்த்து 1,750 ரூபா ஆக்குவதாக அறிவித்தது. அந்தக் கணக்கில் 25 நாள் வேலை செய்யும் ஒருத்தி அந்த 450,000 ரூபாவைச் சேர்க்கப் பத்து மாதத்துக்கு மேலாகும். இலண்டனில் நாங்கள் இலங்கை மலிவு, மலிவு என்று வியந்துகொண்டிருந்தோமே, அந்த மலிவு எங்கிருந்து வந்தது என்பது அந்த நாட்காட்டித் தாளில் இருந்தது. ரூபா விழுந்ததால் என் பத்து ஆண்டு சாத்தியமாயிற்று. அதே விழுகையில்தான் அக்காவின் பணம் கரைந்தது.

வீட்டைப் பற்றிச் சொன்னேன். யார் சமைப்பார்கள் என்று கேட்டார். தரகர் சொன்னதைச் சொல்லியிருக்கவேண்டாம், சொல்லிவிட்டேன்.

"அது நாந்தானே தம்பி" என்றார். "போன வருசம் எல்லயில அப்பிடி ஒரு வூட்டுக்குத்தான் போய்க்கிட்டிருந்தேன். வெள்ளக்காரத் தொர, சம்சாரத்தோட இருந்தாரு. நல்ல மனுசங்க. முழங்கால் வலின்னதும் நின்னுட்டேன்."

எனக்கு இது தெரியாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பணம் அனுப்புகிறேன். மாதத்துக்கு இருமுறை வட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுகிறேன். கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போகிறார் என்பதுவரை தெரியும். ஓய்வு பெற்ற என் தமக்கை, ஓய்வு பெற்று வந்த ஓர் அந்நியரின் வீட்டில் பாத்திரம் துலக்கியதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீ வெசனப்படுவ. வெசனப்பட்டு என்னா செய்யப்போற?" என்றார். கேலியாகச் சொன்ன தொனியே இல்லை. உண்மையாகவே கேட்டார்.

அன்றிரவு மாமாவின் பேச்சு வந்தது. எங்கள் தாயாரின் தமையன். 1972இல் இந்தியாவுக்குப் போனவர். எனக்கு நான்கு வயது, நினைவில்லை. அக்காவுக்கு ஏழு வயது; பதுளைப் புகையிரத நிலையத்தில் கோச்சி நகர்ந்தபோது அம்மா அதன் கூடவே ஓடியதும், மேடை முடிகிற இடத்தில் விழுந்ததும் அவருக்குத் தெரியும்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதிச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் என்றால் நம் வாசகர்களுக்கு எண்ணிக்கை நினைவில் இருக்கும்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது. பத்திரிகையில் எத்தனையோ முறை இதை எழுதியிருக்கிறேன். அந்த ஒப்பந்தத்தின் உட்பிரிவுகளை அன்றிரவு என் கைப்பேசியில் மறுபடி எடுத்து வாசித்தேன். இந்தியாவுக்கு அனுப்பப்படவேண்டியவர் வேலையில் இருந்தால், போகும் நாள் வரையிலோ 55 வயது வரையிலோ, எது முந்தியதோ அதுவரை வேலையில் தொடரலாம். போகும்போது சேமலாப நிதி, சேவைக்காலப் பணம் உட்பட உடைமைகளை எடுத்துச் செல்லலாம். ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய உச்சத்தொகை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கப்படமாட்டாது.

ஐம்பத்தைந்து வயது. எத்தனையோ முறை வாசித்த வரி, கண்ணில் படவில்லை. அதே 55 வயதில்தான் இன்று டொலரோடு வருகிறவருக்குக் கதவு திறக்கிறார்கள்.

மாமாவுக்கு 1972இல் வயது 55. அவர் கொண்டுபோன பணம் 4,000ஐ எட்டவில்லை என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில வாரம் கிடந்து, கடைசியில் நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் அவருடைய மகனுக்கு வேலை கிடைத்தது. மாமாவுக்கு வயது போய்விட்டது என்றார்கள். மலையும் தேயிலையும் குளிரும் பதுளையைப் போலவே இருப்பதாகவும், இங்குள்ளவர்கள் தங்களைச் சிலோன்காரர் என்று அழைப்பதாகவும் கடிதம் எழுதினார். வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பது அவருக்கு வாழ்நாளில் அதுவே முதல் தடவை. 1979இல் இறந்தார்.

அக்காவின் தகரப்பெட்டியில் அந்தக் கடிதங்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே பிளாஸ்ரிக் உறையில் மடித்து வைத்த இன்னொரு தாள்: 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எங்கள் தந்தையாருக்குக் கிடைத்த பிரஜாவுரிமைப் பதிவுச் சான்றிதழ். மாமா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார்; அப்பா இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார். ஒரே லயம், அடுத்தடுத்த காம்பராக்கள். அக்கா இன்னும் அப்பாவின் காம்பராவில்தான் இருக்கிறார். அதற்கு உறுதி இல்லை. புயலின்போது லயத்தார் எல்லோரும் பாடசாலையில் ஐந்து இரவு படுத்திருந்தார்கள். 2014இல் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் லயங்களையே மண் மூடியதை மறந்தவர் அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை.

இரட்டைப் பிரஜாவுரிமை விண்ணப்பத்தோடு சேர்க்க அந்தச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டேன். எடுத்துத் தரவில்லை. "போட்டோ கொப்பி அடிச்சுக்க. ஒரிஜினல் கையை வுட்டுப் போவாது" என்றார். அசலைக் கேட்பார்கள், காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து தருகிறேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். இந்தத் தாள் இல்லாதவர்களைத்தான் கோச்சியில் ஏற்றினார்கள் என்றார். இப்போது யாரும் யாரையும் ஏற்றமாட்டார்கள், 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அந்தக் கதை முடிந்தது என்றேன். தலையாட்டினார். நம்பவில்லை.

மறுநாள் காலை தாளைச் சேலைத் தலைப்பில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு என்னோடு பசறைக்கு வந்தார். கடைப் பையனிடம் கொடுக்காமல், கண்ணாடியின்மேல் தானே விரித்து வைத்தார். மூன்று நகல் எடுத்தோம். பண்டாரவளைத் தரகர் அதற்குள் இரண்டு முறை அழைத்திருந்தார். வீட்டுக்கு வேறொருவர் கேட்கிறார், சித்திரைக்குள் முடிவு சொல்லவேண்டும் என்று செய்தியும் அனுப்பியிருந்தார். அக்கா அசலை உறையில் போட்டு, மறுபடி சேலையில் சுற்றிக்கொண்டு, பத்தரை மணி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார்.