வேலியோரத்து மணத்தக்காளி



ரெட்டியார்பாளையத்தில் எங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் மனப்பாட வசனம் ஒப்புவித்தால் நான் சாக்லேட் கொடுப்பது பல ஆண்டு வழக்கம். சென்ற மாதம் ஆலய வேலியோரம் மணத்தக்காளிப் பழம் பறித்து உண்டேன். அருகில் நின்ற எட்டு வயதுச் சிறுவன், "ஐயா, அது விஷமில்லையா?" என்று பதறினான். வெட்கினேன். அவனுக்கு இனிப்பைப் பழக்கிய நான், தேவன் நம் வேலியிலேயே முளைப்பித்ததைக் காட்டவில்லையே!

நகருக்கு வடக்கே ஆரோவில்லில் சாலிட்யூட் பண்ணை இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து வந்த கிருஷ்ணா மெக்கன்சி, ஜப்பானிய இயற்கை வேளாண் முன்னோடி மசனோபு ஃபுகுவோகாவின் வழியில் 1996இல் அதைத் தொடங்கினார். சுண்டைக்காய், முருங்கைக்கீரை, பப்பாளிக்காய் என நாம் எளியவையென்று ஒதுக்கியவை அங்கே விருந்தாகின்றன. அவற்றின் பயனும் வருவோர்க்குக் கற்பிக்கப்படுகிறது.

தானியேலை நினையுங்கள். ராஜாவின் போஜனத்தை மறுத்து, 10 நாள் பருப்பும் காய்கறியும் தண்ணீரும் போதுமென்றான். அந்த உணவை அறியாதவன் அதை எப்படிக் கேட்டிருப்பான்? சிறைப்பட்டுப் போகுமுன்பே யாரோ ஒரு தாய் அவனுக்கு அதை ஊட்டியிருக்க வேண்டும்.

சென்ற ஞாயிறு பரிசாகக் கொய்யாப்பழம் கொடுத்தேன். சிலர் முகஞ்சுளித்தார்கள். அச்சிறுவனோ வேலியோரம் போய், பழுத்தவை எவையெனத் தேடிக்கொண்டிருந்தான்.

பிரியமானவர்களே, பாபிலோனின் பந்தி நம் பிள்ளைகளை அழைக்கும் நாள் வரும். அன்று கேட்பதற்கு, இன்று எதை அவர்களுக்குப் பழக்குகிறோம்?

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் பிள்ளைகளின் சரீரத்தையும் உம்முடைய ஆலயமாகக் காக்க எங்களுக்குக் கற்றுத்தாரும். ஆமென்.